அம்மாவின் தையல் மெசின்

1983 யூலை 25, திங்கட்கிழமை. அண்ணா வழக்கம்போல் புறக்கோட்டைக்கு வேலைக்குப் போனார். முதல் நாள் இரவே பொரளைப் பக்கம் கடைகள் எரிகின்றன என்ற கதை வெள்ளவத்தைக்கு வந்துவிட்டது. 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் இறந்திருந்தார்கள். அவர்களைக் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்வதாக இருந்தது. அங்கே கூடிய கூட்டம் ஆத்திரத்தோடு பொரளைக்குள் இறங்கியதில்தான் எல்லாம் தொடங்கியது. "இண்டைக்கு நில்லடா தம்பி" என்று அப்பா சொன்னார். மாசக் கடைசி, கணக்கு முடிக்க வேண்டும், நின்றால் முதலாளி பேசுவார் என்று சொல்லிக்கொண்டே அண்ணா செருப்பைப் போட்டார். கெய்சர் வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுவதுதான் அவருடைய வேலை.

பத்து மணிபோலக் காலி வீதிப் பக்கம் கறுப்பாகப் புகை எழுந்தது. எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கிக் கடற்கரைத் தண்டவாளத்தில் முடியும். இரண்டு முனையாலும் ஆட்கள் வந்தார்கள். அடுத்த வீட்டு நோனா பின்மதிலால் எங்களைத் தன் வளவுக்குள் இழுத்து, குசினிக்குப் பக்கத்திலிருந்த சாமான் அறைக்குள் விட்டுக் கதவை வெளியே பூட்டினார். அவருடைய கணவர் இளைப்பாறிய ரயில்வே கார்ட். அவர் வெளிக் கேற்றடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த அறைக்கு ஒரு சின்ன யன்னல். பலகைச் சட்டங்களின் இடைவெளியால் எங்கள் முற்றம் தெரிந்தது. முன்னால் வந்தவன் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அவன் விரலை வைத்து வாசித்ததை நான் கண்டேன். ஆத்திரத்தில் ஓடி வந்தவன் இடாப்போடு வரமாட்டான். அந்தப் பெயர்களை யாரோ எடுத்து, யாரோ கொடுத்து, யாரோ லொறிக்குப் பெற்றோல் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் "அது ஒரு கலவரம், கூட்டம் வெறி பிடித்து ஆடியது" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவரோடும் நான் வாதாடப் போகவில்லை. அந்த விரலை நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

அவர்களோடு ஒழுங்கை முனைச் சைக்கிள் கடைப் பொடியனும் நின்றான். அண்ணாவின் வயதுதான் இருக்கும். அண்ணாவின் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறவன். அம்மாவின் தையல் மெசினைக் காலிலிருந்து கழற்றி, தலைப்பகுதியை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் கேற்றால் வெளியே போனான். சில்லைச் சுற்றும் தோல்பட்டி அவனுடைய முதுகில் தொங்கி ஆடியது. அம்மாவும் பார்த்தார். சத்தம் வரக்கூடாதென்று சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள்.

அண்ணா வரவில்லை. கடை இருந்த வரிசை முழுவதும் எரிந்துவிட்டது என்றார்கள். அங்கே வேலை செய்த ஒருவர், தாங்கள் பின்பக்கத்தால் ஓடியபோது அண்ணா மேல்மாடியில் கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார். இன்னொருவர் அவரைக் கோட்டை ரயில் நிலையத்தடியில் கண்டதாகச் சொன்னார். இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் இடையில்தான் அம்மா மீதி வாழ்நாளைக் கழித்தார். உடல் கிடைக்கவில்லை. அந்தியேட்டி செய்ய அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் அகதிகளாகக் கிடந்தபோது ஒருவர் வைத்திருந்த ட்ரான்சிஸ்டரில் 28ஆம் திகதி ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் உரையைக் கேட்டோம். நாலு நாளாகத் தலைநகரம் எரிந்த பிறகு அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். சிங்கள மக்களின் உணர்வைப் பற்றிப் பேசினார். பிரிவினை கேட்போருக்கு எதிராகச் சட்டம் வரும் என்றார். செத்தவர்களுக்காக ஒரு வார்த்தையும் இல்லை. அந்தக் கிழமையில் வெலிக்கடைச் சிறையில், அரசின் பூட்டுக்குள்ளே, 25ஆம் திகதி 35 பேரும் 27ஆம் திகதி 18 பேரும் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த 53 பேருக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நாடு முழுவதும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதிலும் ஒரு முடிவில்லை. அரசாங்கத்தின் கணக்கு 400க்குள் நின்றது. மற்றவர்களின் மதிப்பீடு 3,000 வரை போகிறது. அண்ணா எந்தக் கணக்கில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலில் எங்களை வடக்கே ஏற்றினார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிந்ததும் தளத்திலிருந்த சனம் எழுந்து நின்று அழுதது. அப்பா அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பின்னால வாற கப்பலில வருவான்" என்று சொன்னார். மூன்று வருடத்துக்குள் அவரும் போய்விட்டார்.

மன்னிப்பைப் பற்றி அந்தக் காலத்தில் எங்களிடம் யாரும் பேசவில்லை. அரசு மட்டும் தன்னளவில் அந்த வேலையை முடித்துக்கொண்டது. 1977 ஓகஸ்ட் மாதத்தில் சட்டத்தையும் ஒழுங்கையும் காப்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்தவற்றுக்காக அமைச்சர் மீதோ அதிகாரி மீதோ வழக்குப் போட முடியாதென்று 1982இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1988இல் அந்தக் காலத்தை அந்த ஆண்டு டிசம்பர் வரை நீட்டினார்கள். 1983 யூலை அதற்குள் அடங்கிப்போனது. கைகட்டி நின்ற காவலர் எல்லாரையும் நல்லெண்ணக்காரர் ஆக்க ஒரு பக்கக் கடதாசி போதுமாக இருந்தது. பல வருடம் கழித்து ஒரு சட்டத்தரணி இதை எனக்கு விளக்கியபோது நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: எங்கள் வீட்டுக்கு வந்து யாரும் கேட்டார்களா?

தென்னாபிரிக்காவைப் பார் என்று எங்கள் நாட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். பார்த்தேன், கவனமாகப் படித்தேன். அங்கே பேராயர் டுட்டுவின் உண்மை ஆணைக்குழுவின் கீழ், செய்ததை முழுவதும் வெளியே சொன்னால்தான் பொதுமன்னிப்புக் கிடைத்தது. அதுகூட அநியாயம், எங்களுக்கு நீதிமன்றம் வேண்டும் என்று பொலிஸ் காவலில் இறந்த ஸ்டீவ் பீகோவின் குடும்பத்தார் 1996இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள். ஆனாலும் பீகோவின் சாவோடு சம்பந்தப்பட்ட பொலிஸ்காரர்களுக்கு 1999இல் மன்னிப்பு மறுக்கப்பட்டது. அங்கிருந்து எதைப் படிப்பதென்றால், வாயைத் திறக்காதவனுக்கு மன்னிப்பு இல்லை என்பதைத்தான் படித்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, பேராயரின் சிரித்த முகத்தை மட்டும் மேடைக்கு மேடை காட்டினார்கள்.

2001இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1981 முதல் 1984 வரையான இன வன்முறையை விசாரிக்க ஓர் உண்மை ஆணைக்குழுவை அமைத்தார். முன்னாள் பிரதம நீதியரசர் சர்வானந்தா அதன் தலைவர். சமாதான காலம் வந்து, 2002இல் ஏ9 பாதை திறந்ததும் நான் கொழும்புக்குப் போனேன். அண்ணாவைப் பற்றிய கடதாசிகள் தேட வேண்டியிருந்தது. அப்படியே வெள்ளவத்தைக்கும் போனேன். எங்கள் வளவில் நாலு மாடிக் கட்டடம் நின்றது. நோனா செத்துப்போயிருந்தார். சைக்கிள் கடை மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையாக மாறியிருந்தது. அவன்தான் உள்ளே இருந்தான். தலை நரைத்து, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான்.

நான் என் பெயரைச் சொல்லவில்லை. அவனே என்னை இனங்கண்டு எழும்பினான். கடைப் பையனைத் தேத்தண்ணி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, தலையைக் குனிந்தபடி சிங்களத்தில் பேசினான். இடாப்பில் எங்களுக்கு முன்பிருந்தவர்களின் பெயர்தான் இருந்ததாம். "இந்த வீடும் தமிழ் வீடுதான் என்று காட்டியது நான்தான், தங்கச்சி" என்றான். மெசினை எடுத்ததையும் சொன்னான். தாய்க்குக் கொடுத்ததாகவும், அந்தக் கிழவி அதில் தைக்காமல் துணி போட்டு மூடியே வைத்திருந்ததாகவும் சொன்னான். அண்ணாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டான். சொன்னேன். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அது நடிப்பில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

லொறியில் வந்தவர்கள் யார் என்று கேட்டேன். "தெரியும்" என்றான். சொல்வாயா என்று கேட்டேன். தனக்கு இரண்டு பெண்பிள்ளைகள், இந்த ஒழுங்கையில்தான் இருக்க வேண்டும் என்றான். அதன் பிறகு, தன்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டான். வீட்டைக் காட்டியதையும் மெசினைத் தூக்கியதையும் நான் மனதில் வைத்திருக்கவில்லை என்று சொன்னேன். அண்ணாவின் விஷயம் உன்னோடுமில்லை என்னோடுமில்லை என்றும் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

யாழ்ப்பாணம் வந்து அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அம்மா முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"மெசின் ஆற்றை?"

"உங்கடை, அம்மா."

"பிறகு நீ எப்பிடி விட்டனீ? அவன் என்னட்டைக் கேட்டவனே? அந்த மெசின் என்ரை அம்மா எனக்குச் சீதனமாத் தந்தது. அதில தைச்சுத்தான் உங்கள் ரெண்டு பேரையும் படிப்பிச்சனான். நீ ஆர் அதை விடுறதுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா மறுபடியும் புளியை எடுத்து உடைக்கத் தொடங்கினார். ஒரு கொட்டையைக்கூட விடாமல் எடுத்தார். அறுபத்தெட்டு வயதில், படித்தவர்கள் வருடக்கணக்காக எழுதித் தீர்க்காத ஒன்றை அந்த மனுசி நாலு வசனத்தில் சொல்லிவிட்டார். யாருக்கு அடி விழுந்ததோ அவருக்குத்தான் விடவும் உரிமை, விடாமலிருக்கவும் உரிமை. மகளுக்குக்கூட அது கைமாறாது. அப்படியென்றால் ஜனாதிபதிக்கு எப்படி வரும், சுவாமிக்கு எப்படி வரும், வெளிநாட்டுத் தூதருக்கு எப்படி வரும்? செத்தவர்கள் இனி விடப்போவதுமில்லை, மறுக்கப்போவதுமில்லை. அவர்களுடைய பங்கு அப்படியே நிற்கும். அதில் யாரும் கை வைக்க முடியாது.

2004 யூலையில் சந்திரிகா நாட்டின் சார்பில் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்ட சிலருக்கு நட்டஈடும் அறிவித்தார்கள். அதுவரை எந்த ஜனாதிபதியும் செய்யாததைச் செய்தார் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 1983 கறுப்பு யூலையை அரசு செய்யவில்லை என்று சாதித்தவர்களுக்கு மத்தியில் அது பெரிய காரியம்தான். ஆனால் அந்த மன்னிப்பில் இடாப்பைக் கொடுத்தவரின் பெயர் இல்லை, லொறி கொடுத்தவரின் பெயர் இல்லை, சிறைக் கதவைத் திறந்தவரின் பெயரும் இல்லை. அம்மா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "நல்ல மனுசி, ஆனா அவ எங்கடை வீட்டுக்கு நெருப்பு வைக்கேல்லையே" என்றார்.

நல்ல சிங்கள மக்களும் இருந்தார்கள்தானே, உங்களைக் காப்பாற்றினார்கள்தானே என்று கேட்பார்கள். இருந்தார்கள். அந்த நோனாவுக்கு நான் பட்ட கடனை எந்தப் பிறவியிலும் தீர்க்க முடியாது. ஆனால் அது அவருடைய பெயரில் இருக்கும் கடன். அவர் செய்த நன்மையைக் கொண்டுபோய் மற்றவன் செய்த கொலையில் கழிப்பது அவருக்கே செய்யும் அவமதிப்பு.

இதையெல்லாம் எழுதிவிட்டு 1990ஐ எழுதாமல் விட்டால் நான் எழுதியதில் பாதி பொய்யாகிவிடும். அந்த வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியா கல்லூரிக்குப் பக்கத்து மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விட வேண்டும் என்றார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் 75,000 பேரளவில் துரத்தப்பட்டார்கள். தமிழ் பேசுகிற சனத்தை, தமிழருக்காகப் போராடுவதாகச் சொன்னவர்கள் துரத்தினார்கள்.

என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியை சோனகதெருவில் இருந்தார். செய்தி கேட்டுச் சைக்கிளில் ஓடினேன். ஐந்து சந்தியில் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வரிசையில் அவர்கள். கொண்டு போகும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பறித்தார்கள். சீருடை போட்ட ஒரு பிள்ளை, என் மாணவிகளின் வயதிருக்கும், ஒரு சிறுமியின் தோட்டைக் கழற்றினாள். சுரை இறுகியிருந்தது. சிறுமி தலையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களில் ஒருவருடைய வாயும் திறக்கவில்லை. பயம்தான் காரணம் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. வெள்ளவத்தை ஒழுங்கையில் யன்னலை மூடிக்கொண்ட சனத்துக்கும் அதே பயம்தான் இருந்திருக்கும்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றம் தவறு என்று ஒத்துக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். நடந்ததை மறந்து மன்னிக்கும்படியும் கேட்டார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபடி என் சிநேகிதியான அந்த ஆசிரியை அதை வானொலியில் கேட்டாராம். பிறகு சந்தித்தபோது சொன்னார்: "எங்கட தோட்டைக் கழட்டின பிள்ளை எங்க? அவவ இந்தப் பக்கமாக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்க டீச்சர். அவவுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும்." அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் கண்டதேயில்லை.

அம்மா 2011இல் காலமானார். கடைசி மாதங்களில் சமாதானப் பட்டறை நடத்துகிற ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து, மன்னித்தால் மனப் பாரம் குறையும் என்று கனிவாகத்தான் சொன்னது. அம்மா அதற்குத் தோசை சுட்டுக் கொடுத்து அனுப்பினார். பாரத்தை இறக்கிவைக்கத் தெரியாமல் அவர் சுமக்கவில்லை. இறக்கி வைத்தால் அண்ணாவைத் தேடுவதற்கு ஆள் இல்லாமல் போய்விடும் என்பதற்காகச் சுமந்தார். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்தபோது நானும் சில நாள் போய் இருந்தேன். நட்டஈடு வேண்டாம், மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்றார்கள். அவர்களை வன்மம் பிடித்தவர்கள் என்று ஒரு பெரிய மனிதர் பேசியதையும் கேட்டேன். மன்னிக்காதவரை நோயாளியாகவும், கேட்காதவனைச் சாதாரண மனிதனாகவும் பார்க்கிற இந்தப் பார்வையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிறகு 2020 மார்ச் வந்தது. 2000 டிசம்பரில் மிருசுவிலில், இடம்பெயர்ந்து இருந்தவர்கள் தங்கள் வீட்டையும் காணியையும் பார்க்கத் திரும்பிப் போனபோது 8 பேர் கொன்று புதைக்கப்பட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளையும் அதில் ஒருவர். தப்பிய ஒருவர் சாட்சி சொல்ல, 2015இல் இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த நாட்டில் எங்களுக்கு இப்படி ஒரு தீர்ப்பு கிடைத்தது அபூர்வம். நான் தூக்குத் தண்டனைக்கு ஆதரவானவள் இல்லை. தண்டனையைக் குறைத்திருந்தால் வாய் திறந்திருக்கமாட்டேன். ஆனால் கொரோனா ஊரடங்கில் நாடு வீட்டுக்குள் கிடந்த நேரத்தில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பினார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் மன்னிப்பை எடுத்து வேறொருவர் தானம் செய்த கதை இது.

சிநேகிதி இப்போது யாழ்ப்பாணத்துக்கும் புத்தளத்துக்குமாக அலைகிறார். சோனகதெரு வீட்டில் கூரை இல்லை, சமையலறைக்குள் பூவரசு வளர்ந்து நிற்கிறது. உறுதி அந்த நாளில் தொலைந்துபோனது. அந்த வீட்டில் அவர்கள்தான் இருந்தார்கள் என்று அறிந்தவர் ஒருவர் சத்தியக் கடதாசி கொடுத்தால் உதவும் என்றார்கள். நான் போனேன். அந்தக் குடும்பம் எத்தனை வருடமாக அங்கே இருந்தது என்பதை எழுதினேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அவர்கள் எப்படி வெளியேற்றப்பட்டார்கள், யார் வெளியேற்றினார்கள், நான் எங்கே நின்று பார்த்தேன் என்பதையும் எழுதினேன். இதெல்லாம் தேவையில்லையே என்று சமாதான நீதவான் சொன்னார். தேவை என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். வெளியே வந்ததும் சிநேகிதி கடதாசியை முழுவதும் வாசித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"இதுக்கு நன்றி டீச்சர்" என்றார். "மத்தத நான் இன்னும் யோசிக்கேல்ல. முதல்ல கூரையப் போடுவம்."